எனக்கு வந்தது சாமி இல்லை

எனக்கு வந்தது சாமி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அண்ணனூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னமும் சாமி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வந்தது இதயக் கோளாறு. இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போக வேண்டிய மின்சாரம் நடுவழியிலேயே நின்றுபோகிற கோளாறு. ஆடி மாதம் முதல்முறை விழுந்தேன். மாசியில்தான் அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே தெரிந்தது. நடுவில் இருந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் விஜயா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வீட்டுக்காரர் ஏகாம்பரம் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். ஒரே மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். எங்கள் மாமனார் காலம் வரை இந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு அறுத்தவர்கள்தான் நாங்கள். வயலெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. நாங்களும் கம்பெனி, லாரி என்று மாறிவிட்டோம்.

தெரு அம்மன் கோயிலில் ஆடி ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்ப்பார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கூழ்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்தேன். பந்தலுக்குப் பக்கத்தில் வந்தபோது பம்பைச் சத்தம் தூரமாகப் போனது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பானை உடைந்ததோ, கை கால் வெட்டி இழுத்ததோ, கண் செருகியதோ எதுவும் எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது என்னைச் சுற்றிக் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் ஒரு கொத்து வேப்பிலை. நெற்றியில் ஒரு படி விபூதி. கூழ் வார்ப்புக்காகப் பூந்தமல்லியிலிருந்து வந்திருந்த என் வீட்டுக்காரரின் அக்கா சரோஜா எதிரில் மண்டி போட்டிருந்தார்.

"தாயே, யாரு வந்துகீறே? பேரச் சொல்லு தாயே! இன்னா கொறை வெச்சோம் உனக்கு?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. "தண்ணி" என்றேன்.

"அம்மா தண்ணி கேக்குறா! கொண்டாங்கடி!"

மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். குடிக்கக் கேட்டவளுக்கு அபிஷேகம்! மூக்கில் ஏறி மூச்சுத் திணறிக் கையை ஆட்டினேன். அம்மா ஆடுகிறாள் என்று இன்னொரு குடம் ஊற்றினார்கள். பாவிகள்.

விழுந்தபோது என் முகம் வெள்ளைத்துணி போல வெளுத்ததாம். பிறகு எழுந்தபோது குங்குமம் பூசியது போலச் சிவந்ததாம். "அது அம்மன் களை. மனுஷ மொகம் அப்டி செவக்குமா?" என்று சரோஜா அண்ணி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சிவப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே மாறிப்போனது. என்னை 'ஏய்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஏகாம்பரம், வெள்ளிக்கிழமைகளில் 'அம்மா' என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கோயில் கமிட்டியில் அதுவரை அவரைப் பந்தல் கம்பு நடத்தான் கூப்பிடுவார்கள். இப்போது தட்டில் முதல் விபூதி அவருக்கு. திருவிழா வரவு செலவு பேசும்போது நாற்காலி போட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கு அந்தத் தெருவில் அதற்கு முன்னால் யாரும் நாற்காலி போட்டதில்லை. அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாகிறது. அவர் நாற்காலியில் உட்கார நான் விழ வேண்டியிருந்தது.

இரண்டாவது முறை வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றும்போது விழுந்தேன். கேட்க வேண்டுமா! வெள்ளிக்கிழமை சாயங்காலம் எந்தப் பொம்பளையும் விளக்கு முன்னால்தானே நிற்பாள்? அடுத்து ஒரு செவ்வாய்க்கிழமை கக்கூஸில் விழுந்தேன். அதை மட்டும் யாரும் சாமிக் கணக்கில் சேர்க்கவில்லை. ரயில் நிலையப் படிக்கட்டில் பாதியில் நெஞ்சு காலியானது போல நின்றதையும், பேக்கிங் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"யோவ், எனக்கு ஒடம்பு சரியில்லய்யா. டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போ" என்று எத்தனை தடவை சொன்னேன்.

"ஒடம்புலாம் ஒண்ணுமில்ல. அம்மா வந்து எறங்குற ஒடம்பு அசதியாத்தான் இருக்கும். அக்கா சொல்லுச்சி" என்றார்.

கடைசியில் நானே போனேன். முதல் டாக்டர் என் பேச்சு முடிவதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார். கேஸ். வாயு. காரம் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊசி. அடுத்த தடவை நச்சரித்து ஏகாம்பரத்தையும் கூட்டிக்கொண்டு இரண்டாவது டாக்டரிடம் போனேன். அவர் ஈ.சி.ஜி. எடுத்தார். நெஞ்சிலும் கை கால்களிலும் ஒயர் ஒட்டி, இதயத்தில் ஓடும் மின்சாரத்தைத் தாளில் கோடு கோடாக வரையும் பரிசோதனை அது. எடுக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் இதயம் எப்படி ஓடுகிறதோ அதைத்தான் காட்டும். திருடன் வீட்டில் இல்லாதபோது எடுத்த போட்டோவில் திருடன் இருப்பானா? ஆனால் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "ஹார்ட் நல்லாத்தான் இருக்கு" என்று தாளை மடித்துவிட்டு, என்னை விட்டுவிட்டுக் கூட வந்த ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"வீட்ல ஏதாச்சும் சண்டை, டென்ஷன்?"

"அதெல்லாம் இல்ல சார். சாமி வருது சார்."

டாக்டர் சிரித்தார். "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படித்தான் ஏதாச்சும் வரும்" என்று தூக்க மாத்திரை எழுதினார். இவர்களுக்கும் தெருவுக்கும் என்ன வித்தியாசம்? தெருவில் வேப்பிலை கொடுத்தார்கள், இங்கே மாத்திரை கொடுத்தார்கள். விழும்போது எப்படி இருக்கிறது, எத்தனை தடவை, முன்னால் என்ன தெரிகிறது என்று இரண்டு பக்கமும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எட்டாவது வரை படித்த எனக்கே கேட்கத் தோன்றுகிற கேள்விகள் இவை.

மாசி மாதம் கம்பெனியில் விழுந்தேன். எங்கள் கம்பெனியிலும் சாமி படம் இருக்கிறது, மாலையும் போடுவார்கள். ஆனால் ஷிப்ட் நேரத்தில் சாமி வந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள், அதனால் அங்கே யாரும் குலவை போடவில்லை. மேசை முனையில் இடித்துப் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. கம்பெனி வேனில் தூக்கிப் போட்டு, பூந்தமல்லி ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். போனது புருவத்தில் தையல் போட. அவ்வளவுதான்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பெண். கன்னத்தில் பருகூட ஆறவில்லை. தையல் போடும் முன் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் பிடித்தாள்.

"இதுக்கு முன்னாடி விழுந்திருக்கீங்களாம்மா?"

"ஆடிலேருந்து விழுந்துகினேகீறேன் டாக்டர்."

"விழுறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடி பட்டதற்காக இல்லை, கேள்வி கேட்டதற்காக. சொல்லி முடிக்கும் முன்பே என்னைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். நாடி முப்பதுக்கும் கீழே ஓடிக்கொண்டிருந்ததாம். சாதாரணமாக அறுபதுக்கு மேல் இருக்க வேண்டும். இந்த முறை ஈ.சி.ஜி. எடுத்தபோது திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். அகப்பட்டுக்கொண்டான்.

கழுத்து வழியாக ஒரு மெல்லிய ஒயரை இதயத்துக்குள் விட்டார்கள். வெளியே ஒரு பெட்டியில் அதை மாட்டினார்கள். அந்தப் பெட்டிதான் அப்போதைக்கு என் இதயத்தைத் தட்டித் தட்டி ஓட்டியது. கழுத்தைத் திருப்பாதே, எழுந்திருக்காதே என்றார்கள். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஜன்னல் இல்லை. பகலா ராத்திரியா என்று சாப்பாட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பயந்தேன். ஒயர் நழுவினால் போய்விடுவேனே என்று அசையாமல் படுத்து முதுகு மரத்துப்போனது. எக்கோ என்று நெஞ்சில் பசை தடவி இதயத்தைப் படம் பிடித்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், இன்னும் எடுத்தார்கள். வெளியே காத்திருக்கும் கூடத்தில் ஏகாம்பரமும் சரோஜா அண்ணியும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று நர்ஸ் சொன்னாள்.

மறுநாள் இதய டாக்டர் வந்தார். நடு வயது அம்மாள். இவர்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார்.

"இதயத்துல மேல ரெண்டு ரூம், கீழ ரெண்டு ரூம். மேலேருந்துதான் சிக்னல் கிளம்பும். நடுவுல ஒரு ஜங்ஷன், அதைத் தாண்டி கீழ போனாத்தான் கீழ் ரூம் ரத்தத்தை பம்ப் பண்ணும். இவங்களுக்கு அந்த இடத்துல கேட் மூடிக்குது. உங்க ஊர் ரயில்வே கேட் மாதிரி. கொஞ்ச நேரத்துல திறந்துடுது, அதனால மத்த நேரம் நல்லா இருக்காங்க. மூடின நேரத்துல கீழ் ரூம் தானா மெதுவா ஓடும். சில சமயம் அதுவும் ஓடாம நின்னுடும். மூளைக்கு ரத்தம் போகாது, விழுந்துடுவாங்க. கை கால் இழுக்கும். மறுபடி ஓட ஆரம்பிச்சதும் நின்ன ரத்தம் ஒரேயடியா பாயும். முகம் அப்படியே செவந்துடும்."

கேட்டீர்களா? அந்தச் சிவப்பு இதுதான். அம்மன் களை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்களே, கற்பூரம் காட்டினார்களே, அது என் நின்றுபோன இதயம் மறுபடி ஓட ஆரம்பித்ததன் அடையாளம். நான் பிழைத்து வந்ததைப் பார்த்துத்தான் இவர்கள் சாமி வந்தது என்று கும்பிட்டிருக்கிறார்கள்.

"பேஸ்மேக்கர் வெச்சே ஆகணும். தள்ளிப் போட முடியாது" என்றார் டாக்டரம்மா. அவரும் இதையெல்லாம் ஏகாம்பரத்தைப் பார்த்தேதான் சொன்னார். நான் என்ன, தலையணையா?

ஏகாம்பரம் அண்ணியைப் பார்த்தார். பிறகு கேட்டாரே ஒரு கேள்வி!

"டாக்டர், அந்த மிஷின வெச்சா... சாமி வர்றது நின்னுடுமா?"

கழுத்தில் ஒயர் இல்லாமல் இருந்திருந்தால் எழுந்து அறைந்திருப்பேன். சத்தியமாக அறைந்திருப்பேன். பொண்டாட்டி செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இந்த மனுஷனுக்கு நாற்காலி போய்விடுமே என்று கவலை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "விழுறது நின்னுடும்" என்றார். அத்தோடு விடாமல், "நீங்க எதை வேணா சாமின்னு நெனச்சுக்கோங்க. அடுத்த தடவ கேட் மூடி திறக்கலைன்னா சாமியும் வராது, இவங்களும் இருக்க மாட்டாங்க" என்றார்.

"அம்மாகிட்ட பூ கட்டிப் பாத்துட்டு சொல்றோமே" என்று இழுத்தார் அண்ணி. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்து உத்தரவு கேட்பது எங்கள் வழக்கம். பெண் பார்ப்பதற்குக் கேட்பார்கள், வீடு கட்டக் கேட்பார்கள். என் உயிருக்கும் கேட்கப் போகிறார்கள்!

"அண்ணி, ஒரு பொட்டலமும் வாணாம்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "டாக்டர், கையெழுத்து எங்க போடணும்? அவர்கிட்ட குடுக்காதீங்க. இங்க குடுங்க. விழுந்தவ நானு."

படுத்தபடியே கையெழுத்துப் போட்டேன். கோணல் மாணலாக வந்தது, ஆனால் என்னுடையது.

அதற்குப் பிறகும் உடனே ஆகவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. டாக்டர் தயார், நான் தயார், கீழே இன்சூரன்ஸ் மேசையில் அனுமதி வரவில்லை. அந்தத் தாள் வேண்டும், இந்த முத்திரை வேண்டும் என்று ஏகாம்பரத்தைக் கம்பெனிக்கும் மருத்துவமனைக்கும் அலைய விட்டார்கள். லாரியை யாரிடமோ விட்டுவிட்டு வெயிலில் அலைந்தார். அலையட்டும் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும்தான்.

அனுமதி வந்த அன்றே வைத்துவிட்டார்கள். மயக்க ஊசி இல்லை, மரத்துப்போகிற ஊசிதான். முழு நினைவோடு படுத்திருந்தேன். இடது தோளுக்குக் கீழே, நெஞ்சின் மேல் பக்கத்தில் தோலைக் கிழித்து ஒரு சின்னப் பை போல் செய்து, அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியை வைத்தார்கள். அதிலிருந்து இரண்டு ஒயர் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும். ஒன்று மேல் அறைக்கு, ஒன்று கீழ் அறைக்கு. மேலே சிக்னல் வந்ததா என்று ஒன்று பார்க்கும். வந்தும் கீழே போய்ச் சேரவில்லை என்றால் இன்னொன்று ஒரு தட்டுத் தட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. கரண்ட் அடிக்குமோ என்று பயந்தேன். அடிக்கவில்லை. யாரோ என் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருப்பது போல இருந்தது, வலி பிறகுதான் வந்தது.

வார்டுக்கு வந்த பிறகு சரோஜா அண்ணி பூந்தமல்லியிலிருந்து தினமும் பஸ்ஸில் ரசம் சாதம் கொண்டுவந்தார். என் துணியைத் துவைத்தார். காலைப் பிடித்துவிட்டார். இதையும் எழுதத்தான் வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். ஒருநாள் ரசம் ஊட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"அம்மா உன்ன வுட்டுப் போயிட்டாடி."

"போவட்டும் அண்ணி. நானு கீறேன் இல்ல?"

"கீறே, கீறே. நூறு வருஷம் இரு" என்று அடுத்த கவளத்தை வாயில் திணித்தார். ஆனால் முகம் வாடித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். தெருவில் பார்க்க வந்தவர்களில் சிலர் நெஞ்சுப் பக்கம் பார்த்தார்கள். மிஷின் வைத்ததால் தீட்டாகிவிட்டதோ என்று ஒருத்தி கேட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கமிட்டிக் கூட்டம் நடந்தது. ஏகாம்பரம் போய்விட்டுச் சீக்கிரம் வந்துவிட்டார். நாற்காலி இருந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தூக்கினால் ஒயர் விலகிவிடுமாம். அதனால் தலை பின்ன முடியாது. கூட இருந்து பார்த்துக்கொண்ட அண்ணி ஊருக்குப் போன பிறகு ஏகாம்பரம்தான் பின்னிவிட்டார். லாரி ஸ்டியரிங் பிடிக்கிற கை. சிக்கெடுக்கத் தெரியவில்லை. வேரோடு பிடுங்கினார். நான் திட்டினேன். திட்டு வாங்கிக்கொண்டே பின்னினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசல் பக்கம் முக்காலியில் என்னை உட்கார வைத்துச் சீவிக்கொண்டிருந்தவர் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"விஜயா... அன்னிக்கி கோயில்ல வுழுந்தியே, உனக்கு எப்டி இருந்திச்சி?"

ஆடியிலிருந்து நான் காத்திருந்த கேள்வி. இப்போது கேட்கிறார். நல்லவேளை, அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

"ஒண்ணுமே இல்லய்யா" என்றேன். "அம்மனும் இல்ல, கனவும் இல்ல, இருட்டுகூட இல்ல. நீங்க குலவ போட்டது, கற்பூரம் காட்டுனது எதுவும் எனக்குத் தெரியாது. நானு அங்க இல்லவே இல்ல."

சீப்பு நின்றது.

"அப்டியே திரும்பி வராமப் போயிருந்தன்னு வெச்சிக்கோ. உனக்குத் தெரிஞ்சிருக்காது. நானு செத்துக் கெடந்திருப்பேன், நீ கற்பூரம் காட்டிக்கினே இருந்திருப்பே."